வெச்சர்ட்டுங்களா?

ஜூலை பதினொன்றாம் தேதி எங்கள் கம்பெனிக்குள் நடந்த மிக நீண்ட தொலைபேசி உரையாடல் நாற்பத்தேழு நிமிடம். அதில் பேசப்பட்ட வார்த்தைகள் மொத்தம் ஏழு.

சர்வீஸ் பிரிவு திவாகர், மாடியில் இருக்கும் விற்பனைப் பிரிவு ஹேமலதாவை உள் இணைப்பில் அழைத்திருக்கிறார். பதிவைப் போட்டுக் கேட்டேன்.

“பேரிங் கிட் வந்திருச்சுங்களா?”

“வந்திருச்சுங்க.”

“சரிங்க. வெச்சர்ட்டுங்களா?”

“சரிங்க.”

அதற்குப் பிறகு மின்விசிறிச் சத்தம். இரண்டு பேர் மூச்சு விடும் சத்தம். எங்கேயோ ஒரு நாற்காலி நகர்கிறது. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இணைப்பு அறுபடுகிறது. நாற்பது நாளில் இதுபோல் இருநூற்றுப் பன்னிரண்டு அழைப்புகள் என்றது எக்ஸ்சேஞ்ச் அறிக்கை. தொலைபேசி பழுது பார்க்கிறவர் மூன்று முறை வந்தார். கம்பியில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்து, டீ குடித்துவிட்டுப் போனார். எங்கே கோளாறு என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஏற்பாடு செய்தவன் நான்தானே.

என் பெயர் பேச்சிமுத்து. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கோயம்புத்தூரில் விவசாய பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாகப் பயிற்சி அதிகாரி. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். வருடத்துக்கு நான்கு முறை வெளியிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்து, ஹாலில் ஏ.சி.யைப் போட்டு, ஊழியர்களை உட்காரவைத்து, பதினோரு மணிக்கு சமோசா கொடுத்து, மாலையில் ‘பயிற்சி எப்படி இருந்தது’ என்று படிவம் நிரப்பச் சொல்வேன். எல்லோரும் ‘மிக நன்று’ என்று எழுதுவார்கள். அந்த மதிப்பெண் சமோசாவுக்குத்தான் என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மறுநாள் எல்லோரும் பழைய குருடி கதவைத் திறடி என்று வேலை பார்ப்பார்கள்.

2048-ல் பதியம் வந்தது.

மல்லிகைக் கொடியின் ஒரு கிளையை வளைத்து மண்ணில் புதைத்து வைப்பார்கள் இல்லையா, அதே பதியம்தான். வேர் விட்டதும் வெட்டி வேறு இடத்தில் நடலாம். பெங்களூர்க் கம்பெனி ஒன்று அதை மனிதர்களுக்குச் செய்தது. வேலையில் கெட்டிக்காரரான ஒருவர் தலையில் வலைத் தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்பது நாள் தன் வேலையைப் பார்க்க வேண்டும். அப்போது அவர் மூளை எப்படியெல்லாம் நடந்துகொள்கிறதோ, அத்தனையும் பதிவாகும். மற்றவர்கள் இரண்டு மதியம் தொப்பியை மாட்டிக்கொண்டு தூங்கி எழுந்தால் போதும். சமோசாகூட வேண்டாம்.

எங்கள் கம்பெனியில் கெட்டிக்காரர் யார் என்பதில் இரண்டாம் பேச்சே கிடையாது. கோகிலவாணி. புகார் தொலைபேசியில் பத்தொன்பது வருடம். ஐம்பத்து மூன்று வயது, ஒடிசலான உருவம், எப்போதும் நூல் புடவை. மோட்டாருக்குள் எத்தனை உணர்கருவி வைத்தாலும் எலி கடித்துவிடுகிறது, மழை நனைத்துவிடுகிறது. கடைசியில் விவசாயி போனைத்தான் எடுக்கிறார். ஓடுகிற மோட்டார் பக்கத்தில் போனைக் காட்டச் சொல்வார் கோகிலவாணி. கண்ணை மூடிக் கேட்பார். “ஃபுட் வால்வு காத்து இழுக்குதுங்க, வாசர் மாத்துங்க” என்பார். ஆள் அனுப்பிப் பார்த்தால் அதேதான் இருக்கும். மற்றவர்கள் பத்துப் புகாரில் மூன்றைப் போனில் தீர்த்தால் இவர் ஒன்பதைத் தீர்ப்பார்.

அவரிடம் சம்மதம் வாங்கப் போனவன் நான்.

“ஒண்ணும் வலிக்காதும்மா. தொப்பி மாட்டிக்கிட்டு வழக்கம்போல வேலை பாருங்க, அவ்வளவுதான். நாப்பது நாள்ல உங்களை மாதிரியே முப்பத்தாறு பேர் இந்தக் கம்பெனியில இருப்பாங்க.”

“என்னை மாதிரியேங்களா சார்?”

“அச்சு அசலா.”

அவர் கொஞ்ச நேரம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். பத்தொன்பது வருடத்தில் அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பக்கத்து மேசைக்காரர் பிறகு சொன்னார். சம்மதப் படிவத்தின் எட்டுப் பக்கத்தையும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என் பேச்சுத்திறமைக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

ஜூன் முதல் தேதி சர்வீஸில் இருபது பேருக்கும் விற்பனையில் பதினாறு பேருக்கும் பதியம் முடிந்தது. அடுத்த வாரமே பத்தில் ஒன்பது புகார் போனிலேயே தீர்ந்தது. முதலாளி சக்திவடிவேல் என்னை நான்கு பேர் நடுவில் தோளில் தட்டினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பயிற்சி ஏற்பாடு செய்து, அது வேலை செய்வதை என் கண்ணால் பார்த்தேன்.

கேண்டீன்தான் முதலில் மாறியது. எங்கள் கேண்டீனில் மதியம் ஒரு மணிக்குப் பக்கத்தில் இருப்பவர் காதில் கத்தித்தான் ரசம் கேட்க வேண்டும். அதில் பாதிச் சத்தம் திவாகருடையது. முப்பத்து நான்கு வயது, இரட்டைப் பிள்ளைகள், வாய் ஓயாத மனிதர். அவர் ஜூன் நடுவில் சுவர் ஓரத்தில் தனி மேசைக்குப் போனார். பிறகு ஹேமலதா இன்னொரு மேசைக்கு. பத்தே நாளில் முப்பத்தாறு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து, தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நடுநடுவே தலையைத் தூக்கி, யாராவது வருகிறார்களா என்பதுபோல் பார்ப்பார்கள். மறுபடி தட்டு. இடம் பற்றாமல் கேண்டீன்காரர் புதிதாக மேசை கேட்டு மனு கொடுத்தார்.

தொலைபேசி அறிக்கையும் வந்த பிறகு பெங்களூருக்குச் சொல்லி அனுப்பினேன். நவ்ஷீன் என்ற இன்ஜினியர் வந்தார். ஆம்பூர்ப் பெண். பதியத்தை எழுதிய குழுவில் ஒருவர். இரண்டு நாள் கோகிலவாணியின் பழைய அழைப்புகளைக் கேட்டுவிட்டு என் அறைக்கு வந்தார்.

“சார், இந்த ‘வெச்சர்ட்டுங்களா’ன்னா என்ன?”

“போனை வச்சிரட்டுமான்னு அனுமதி கேக்கது. எங்க ஊர்ல ‘வைக்கேன்’னு சொல்லி டொக்குனு வச்சிருவோம். இங்க வைக்கதுக்கும் ஒரு மரியாதை உண்டு. அவங்க சரின்னு சொல்லணும். சொன்ன பெறகும் முதல்ல வைக்கதுக்குக் கூச்சம். ரெண்டு செகண்ட் ரெண்டு பேரும் பாத்துட்டு, யாராவது ஒருத்தர் வைப்பாங்க.”

“கோகிலவாணி மேடம் வைக்கவே மாட்டாங்க சார். பத்தொன்பது வருஷத்துல ஒரு கால்கூட அவங்களா கட் பண்ணலை. எதிர்ப்பக்கம் வைக்கிற வரைக்கும் காத்துட்டு இருக்காங்க. இதைக் கேளுங்க.”

போட்டுக் காட்டினார். ஒரு விவசாயி. வெச்சர்ட்டுங்களா, சரிங்க அம்மிணி. ஒன்று, இரண்டு, மூன்று, ஏழு விநாடி. பிறகு அந்த ஆள் குரல்: “அம்மிணி, இன்னொண்ணு... நேத்துத் தண்ணியோட மண்ணு வந்துச்சுங்க.”

“அதுதான் நிஜமான புகார்,” என்றார் நவ்ஷீன். “அதைக் கேட்டுத்தான் அவங்க முடிவு சொல்றாங்க. எல்லாக் கால்லயும் இப்படித்தான். அவங்க திறமைன்னு நாம நினைக்கிறது காது இல்லை சார். காத்திருக்கிறது. எதிர்ல இருக்கிற ஆள் இன்னும் ஒரு வார்த்தை பேசிட மாட்டாரான்னு...”

“பேசணும்னு அவங்களுக்கு ஏன் அவ்வளவு ஆசை?”

“பேச யாரும் இல்லைன்னா ஆசை இருக்கும்ல சார். நீங்கதானே இங்க இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. பதினோரு வருடமாக அவர் மேசையைத் தாண்டித்தான் நான் கை கழுவப் போகிறேன். ‘என்னம்மா, சாப்பாடு ஆச்சா’ என்று ஒரு நாள் கேட்டதில்லை. நவ்ஷீன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அப்ப அந்தத் தனிமையை மட்டும் எடுத்துருங்க,” என்றேன்.

“முயற்சி பண்ணலாம். ஆனா ஒண்ணு சார். பதியம் அறுபது நாள்ல வேர் பிடிச்சிரும். ஜூலை முப்பது. அதுக்கு முன்னாடி எடுத்தாத்தான் உண்டு.”

திவாகரிடம் சம்மதம் வாங்கி, அவருக்கு மட்டும் அந்த ஒரு பகுதியை நீக்கிப் பார்த்தார் நவ்ஷீன். ஒரு மணி நேரத்தில் பழைய திவாகர் எழுந்து உட்கார்ந்து, தொப்பி கடித்த இடத்தைச் சொரிந்துகொண்டு கேட்டார்: “ஏனுங்க சார், கேண்டீன்ல இன்னைக்குத் தக்காளி சாதமுங்களா?” எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நாற்பத்தேழு நிமிட அழைப்பைப் போட்டுக் காட்டினேன்.

“அட, நானுங்களா இது? பேசுனது ஞாபகம் இருக்குதுங்க. எதுக்கு வெக்காம உக்காந்திருந்தேன்? லூசு மாதிரியில்ல இருக்குது!” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு ஐந்து மோட்டார்களின் சத்தத்தை அவருக்குப் போட்டோம். ஐந்துக்கும் பேரிங் என்றார். ஒன்றுகூட பேரிங் இல்லை.

“ரெண்டும் ஒண்ணுதான் சார்,” என்றார் நவ்ஷீன். “தனியா எடுக்க வராது. வச்சா ரெண்டும், எடுத்தா ரெண்டும்.”

முதலாளி எங்கள் அறிக்கையைப் பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை. தொழிலாளி வீட்டுக் கல்யாணத்துக்குச் சாப்பாட்டுப் பந்தி வரை நின்று போகிறவர்.

“என்னுங்க பேச்சிமுத்து, வெளையாடறீங்களா? வேலை நேரத்துல அரட்டை இல்லை. புகார் பூராம் போன்லயே தீருது. யாரும் யாருகூடவும் சண்டையில்ல. இதுல கொறை என்னுங்க?”

“வீட்டுலயும் பேச மாட்டேங்காங்க சார். ஹேமலதா வீட்டுக்காரர் வந்து என்கிட்ட அழுதுட்டுப் போனார்.”

“கொஞ்ச நாள்ல பழகிரும். முப்பதாம் தேதி தாண்டட்டும். அதுவரைக்கும் இதை யாருகிட்டயும் கெளப்ப வேண்டாம், ஆமா.”

அந்த ‘ஆமா’வில் என் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சம்மதப் படிவத்தை எடுத்தேன். எட்டுப் பக்கம். யாரும் படிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் நானே வெட்டி ஒட்டித் தயாரித்தது. பதினோராவது பிரிவு: பதியம் கொடுத்தவர் அறுபது நாளுக்குள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றால், எடுத்துக்கொண்ட அனைவரிடமிருந்தும் பதியம் நீக்கப்படும். எந்த நாட்டுச் சட்டத்துக்கோ பயந்து யாரோ எழுதிய வரி. முதலாளிக்கும் இது ஞாபகம் இல்லை. இரண்டு நாள் அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன். நான் தைரியசாலி இல்லை. மூன்றாம் நாள், இருபத்தெட்டாம் தேதி, கோகிலவாணியைக் கூப்பிட்டனுப்பினேன்.

வந்து நின்றார். உட்காரச் சொன்ன பிறகு உட்கார்ந்தார். கேட்ட பிறகுதான் பேசினார்.

“எப்படிம்மா இருக்கு, இந்த ரெண்டு மாசமா?”

“நல்லா இருக்குதுங்க சார்.” கொஞ்சம் நிறுத்தி, “ஒண்ணே ஒண்ணுதானுங்க. என்னை மாதிரியே முப்பத்தாறு பேர் இருப்பாங்கன்னு சொன்னீங்க. ஒருத்தரும் வந்து பேசலீங்களே.”

“அதுக்காகத்தான் கையெழுத்துப் போட்டீங்களாம்மா?”

“ஆமாங்க. அம்மா போயி நாலு வருஷமாச்சு. சிங்காநல்லூர்ல ஒத்தை ரூமு. சாயங்காலம் அஞ்சரைக்குக் கடைசிக் கால் பேசுனா, அடுத்த நாள் ஒம்பது மணிக்குத்தானுங்க வாயத் தொறப்பேன். ஞாயித்துக்கிழமை அதுவும் இல்லீங்க. என்னை மாதிரியே இன்னொருத்தர் இருந்தா, நாம சொல்லாமயே அவங்களுக்குப் புரியுமேன்னு...”

“அவங்களுக்குப் புரியும்மா. நல்லாவே புரியும். அவங்களும் யாராவது வந்து பேச மாட்டாங்களான்னு காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“அப்பறம் ஏனுங்க வர மாட்டேங்கறாங்க?”

“நீங்க போய்ப் பேசினீங்களாம்மா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “நான் எப்பவும் முதல்ல பேச மாட்டேனுங்களே.”

தான் சொன்னது தனக்கே புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் திவாகரைப் பற்றிச் சொன்னேன், ஹேமலதாவின் கணவர் அழுததைச் சொன்னேன், வேர் பிடிக்கும் தேதியைச் சொன்னேன். கடைசியாகப் பதினோராவது பிரிவை அவர் முன்னால் வைத்தேன்.

“இது யாருக்கும் தெரியாதும்மா. நீங்க கையெழுத்துப் போட்டா எல்லாருக்கும் எடுத்துருவாங்க. போடலைன்னா அவங்க கடைசி வரைக்கும் உங்களை மாதிரியே இருப்பாங்க. நான் எதையும் சொல்ல மாட்டேன். உங்க இஷ்டம்.”

“அவங்களுக்கெல்லாம் இப்ப இது வலிக்குமுங்களா சார்?”

“உங்களுக்கு வலிக்குதாம்மா?”

“ஆமாங்க.”

வெகு நேரம் படிவத்தையே பார்த்தார். அவர் மனதில் ஓடியது எனக்குக்கூட விளங்கியது. கையெழுத்துப் போட்டால் உலகத்தில் மறுபடி அவர் ஒருவர்தான். போடாவிட்டால், பேசாவிட்டாலும் முப்பத்தைந்து பேர் இருக்கிறார்கள், அவர் எப்படிப்பட்டவர் என்று உள்ளுக்குள்ளேயிருந்து தெரிந்தவர்கள். இப்படி ஒரு கேள்வியை ஒரு மனுஷியிடம் கேட்கும்படி ஆகிவிட்டதே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

“ஒரு உதவி வேணுமுங்க,” என்றார். “அவங்க எல்லாத்தையும் ஒரே எடத்துல ஒருக்கா பாக்கணும். நான் மட்டும். முடியுமுங்களா?”

முடியும். நான் பயிற்சி அதிகாரி. எனக்குத் தெரிந்த ஒரே வேலை ஆட்களை ஹாலில் உட்காரவைப்பதுதான். ‘பதியம் பெற்றவர்களுக்கான நிறைவு அமர்வு, ஜூலை முப்பது, காலை பத்து மணி’ என்று சுற்றறிக்கை அனுப்பினேன். முதலாளிக்கும் ஒரு நகல் போனது. நல்ல விஷயம் என்று பச்சை மையில் எழுதி அனுப்பினார்.

பத்து மணிக்கு முப்பத்தைந்து பேர் வந்தார்கள். கோகிலவாணி நாற்காலிகளை வரிசையிலிருந்து இழுத்து வட்டமாகப் போட்டிருந்தார். நவ்ஷீன் பக்கத்து அறையில் கருவிகளோடு தயாராக இருந்தார். நான் “ஆரம்பிக்கலாம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

யாரும் ஆரம்பிக்கவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். முப்பத்தாறு பேர், வட்டமாக, வாயே திறக்காமல். கோகிலவாணி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒருவரைப் பார்க்கும்போது அவரும் இவரைப் பார்த்தார். அவசரமில்லை. ஒரு முகத்துக்கு நான்கு நிமிடம், ஐந்து நிமிடம். பாதியில் ஹேமலதா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். இன்னொரு சமயம், யாரோ ஏதோ சொன்னதுபோல் ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் புன்னகைத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே போய் நானே ஏதாவது ஒரு பேச்சை எடுத்துக்கொடுக்கலாமா என்று இரண்டு முறை கதவில் கை வைத்தேன். என்னவோ தடுத்தது. பதினொன்று அடித்தது. பன்னிரண்டு அடித்தது. பாவம், கடைசி நாளில்கூட இந்தப் பெண்ணோடு பேச ஆள் கிடைக்கவில்லையே என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்கு அவர் எழுந்து வெளியே வந்தார். மற்றவர்கள் எழவில்லை. படிவமும் பேனாவும் வராந்தா மேசையில் இருந்தன.

“மன்னிச்சிருங்கம்மா,” என்றேன். “யாராவது ஒருத்தர் ஆரம்பிப்பாங்கன்னு நெனச்சேன்.”

“எதுக்குங்க சார் மன்னிப்பு?” கண் சிவந்திருந்தது. ஆனால் முகம் அப்படி ஒரு தெளிவாக இருந்தது. “என் ஆயுசுல இத்தனை நேரம் நான் யாருகூடவும் உக்காந்து பேசுனதே இல்லீங்க.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று என்னத்தைப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பேனாவைத் திறந்தார். எழுதாமல், ஹாலைத் திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கு இவங்களுக்கு இது ஞாபகம் இருக்குமுங்களா சார்?”

பொய் சொல்லியிருக்கலாம். முதலில் ‘அச்சு அசலா’ என்று அவருக்கு ஆசை காட்டியதே போதும் என்று தோன்றியது.

“வந்து உக்காந்தது ஞாபகம் இருக்கும்மா,” என்றேன். “பேசினது இருக்காது.”

“சரிங்க,” என்றார். கையெழுத்துப் போட்டார்.